குழிக்கு எழுதிய ஆதாரம்

பகவதியம்மாளுக்கு எரிச்சல் மூட்ட வேண்டுமென்றால் பெரிய பாடு ஒன்றும் படவேண்டாம். அவள் எழுதியதைப் படித்துவிட்டு, ‘ரொம்ப ரசிச்சேன்’ என்று சொன்னால் போதும்.

‘ரசிக்கதுக்கா எழுதுனேன்? எவனுக்காவது சுருக்குன்னு இருக்கட்டும்னுல்லா எழுதுனேன்’ என்பாள். சொன்னவர் அதற்கும் சிரிப்பார். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவாள்.

தொழிலால் அவள் ஆதாரம் எழுத்துக்காரி. திருவனந்தபுரத்தில் சொத்துப் பத்திரத்தை ஆதாரம் என்பார்கள். எழுதிக் கொடுக்க லைசன்ஸ் வேண்டும். இருபத்தாறு வருஷமாக சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு எதிர்வரிசையில், ஜெராக்ஸ் கடைக்கும் சர்பத் கடைக்கும் நடுவே ஓர் ஒற்றை அறையில் உட்கார்ந்து எழுதிவருகிறாள். அப்பா தக்கலைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர். புருஷன் வேலப்பனுக்குச் சாலைக் கடைத்தெருவில் மருந்துக்கடை. ஒரே மகள் ஆதிரா, வீட்டில் தமிழும் வாசலைத் தாண்டினால் மலையாளமுமாகப் பேசுகிறவள், எம்.ஏ. படிக்கிறாள். எழுதுவது மலையாளத்தில் என்றாலும் பகவதியம்மாள் கணக்குப் போடுவது, திட்டுவது, கிண்டல் செய்வது எல்லாம் தமிழில்தான்.

அரசியல் நையாண்டி எழுத வந்தது தற்செயல். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரே பாலத்தை மூன்று பேர் மூன்று தடவை திறந்துவைத்தார்கள். மூன்றாவது திறப்பு விழாவுக்காக ஊரைச் சுற்றிக்கொண்டு போன பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நின்று வந்தவள், அந்த வேகத்தில், பாலத்தை மூன்று பேருக்கும் பாகம் பிரித்து ஒரு பாகப் பத்திரம் எழுதினாள். முதலாமவருக்குக் கைப்பிடிச் சுவர், இரண்டாமவருக்குத் தார், மூன்றாமவருக்கு அடியில் ஓடும் சாக்கடை. அன்றைக்குத் தன் வீட்டை மகள் பேருக்கு எழுதிவைக்க வந்திருந்த ஸ்ரீவராகத்துப் பிச்சுமணி, மேஜைமேல் கிடந்த அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்தார். அவர் இங்குள்ள தமிழர்களுக்காகப் பதினாறு பக்கத்தில் மாதமிருமுறைப் பத்திரிகை ஒன்று நடத்துகிறவர். சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, சர்பத் கடையிலிருந்து தண்ணீர் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

‘பகவதியம்மா, இதை நான் எடுத்துண்டு போறேன். மாசம் ரெண்டு இதே மாதிரி வேணும், கேட்டேளா?’

அன்றிலிருந்து ‘எழுதிக்கொடுப்பவள்’ என்ற பெயரில் எழுதுகிறாள். விற்பனை ஆதாரம், குத்தகைச் சீட்டு, உயில், ஒத்தி என்று அவளுக்குத் தெரிந்த வடிவங்களிலேயே. ஓர் அமைச்சர் தன் வாக்குறுதிகளைச் சொந்தக்காரர்களுக்கு உயில் எழுதிவைத்தார். ஒரு கட்சி தன் கொள்கையை இன்னொரு கட்சிக்குப் பதினோரு மாத வாடகைக்கு விட்டது. எழுதும்போது அவளுக்குக் கை பரபரக்கும். பதினைந்து வரி எழுதி, பத்தை அடித்து, மிஞ்சிய ஐந்தில் ஒரு சொல்லை மாற்ற ஒரு நாள் யோசிப்பாள். வெளிவந்ததும் யாருக்கோ வலிக்கப்போகிறது என்று காத்திருப்பாள்.

யாருக்கும் வலித்ததில்லை. அவளுடைய வெப்ராளம், அந்த மனப்புழுக்கம், அங்கேதான் தொடங்குகிறது. அந்த உயிலில் வந்த அமைச்சர் அதை மலையாளத்தில் பெயர்த்து வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, தன் அறையில் மாட்டிவைத்தார். கொள்கையை வாடகைக்கு விட்ட கட்சியின் மாவட்டச் செயலாளர் ஓணத்துக்கு ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வறுவல் அனுப்பினார். அடித்தவளுக்குத்தான் கை வலி. அடிபட்டவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறான். இதற்கு மேலே, அவள் ஒன்றை ஊதிப் பெருக்கி எழுதினால், இதழ் அச்சாகி வருவதற்குள் அது நடந்தும் விடும். ஒரு பஸ் நிறுத்தத்தின் திறப்பு விழாக் கல்லை இடம் மாற்றுவதற்கு ஒரு திறப்பு விழா என்று எழுதினாள். பன்னிரண்டாம் நாள் நாதஸ்வரத்துடன் நடந்தது.

பிச்சுமணி போனில் அலுத்துக்கொண்டார். ‘நீங்க எழுதினது செய்தியாப் போயிடுத்து. இனிமே இதை எந்தப் பக்கத்துல போடறது நான்?’

போன வருஷம் வந்தது குழி.

கடைத்தெருவிலிருந்து பகவதியம்மாள் வீட்டுக்குத் திரும்பும் சந்தின் வாயில் அது இருந்தது. முதலில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டினார்கள். மூடினார்கள். மூடிய மண் காய்வதற்குள் சாக்கடை ஓடைக்காகத் தோண்டினார்கள். அதன் பக்கவாட்டில் கேபிள் போட இன்னொரு கூட்டம் வந்தது. கடைசியாக வந்தவர்கள் யார், போனவர்கள் யார் என்று ஒருவருக்கும் தெரியாமல் எல்லோரும் போய்விட்டார்கள். குழி மட்டும் நின்றுவிட்டது. பதினோரு அடி நீளம், நாலரை அடி அகலம். சுற்றி முதலில் ஒரு பச்சை ரிப்பன் கட்டியிருந்தது. அது அறுந்ததும் யாரோ ஒரு பலாக்கிளையை நட்டார்கள். அது பட்டுப்போனதும் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஜூன் மாத இடவப்பாதி மழையில் குழி நிறைந்து தவளை முட்டையிட்டது. ஆட்டோ உள்ளே வராது. கேஸ் சிலிண்டரைத் தெருமுனையிலிருந்து உருட்டிக்கொண்டு வர வேண்டும்.

ஒன்பதாவது மாதம் வேலப்பன் ஸ்கூட்டரோடு அதில் இறங்கினார். தாடையில் நாலு தையல். மருந்துக்கடைக்காரருக்கே மருந்து வாங்க ஆள் போக வேண்டியதாயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புருஷனுக்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு பகவதியம்மாள் எழுத உட்கார்ந்தாள். அன்றைக்கு ஒரு சொல்லைக்கூட அடிக்க வேண்டியிருக்கவில்லை.

‘எழுதிக்கொடுப்பவர்: குழியைத் தோண்டியதும், தோண்டவில்லை என்று சொல்வதும், தோண்டியது யாரென்று தெரியாததுமான மூன்று இலாகாக்கள். எழுதிவாங்குபவர்: சந்தில் குடியிருக்கும் நாற்பத்திரண்டு வீட்டார். சொத்து: நீளம் பதினோரு அடி, அகலம் நாலரை அடி, ஆழம் மழையைப் பொறுத்தது. நான்கு எல்லை: கிழக்கே உடைந்த ஓடை, மேற்கே மூடியில்லாத ஓடை, வடக்கே ஓடை வரப்போகிறது என்று அறிவிக்கும் பலகை, தெற்கே அந்தப் பலகையைத் திறந்துவைத்தவரின் படம். மேற்படி நான்கு எல்லைக்குள்பட்ட குழியை இன்று முதல் நீங்கள் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் விழுந்தும் எழுந்தும் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது. சொத்தில் வில்லங்கம் எதுவும் இல்லை. தண்ணீர் மட்டும் உண்டு. யாருடைய தூண்டுதலும் இல்லாமல், முழு மனதுடனும் சுயபுத்தியுடனும் எழுதிக்கொடுத்தது.’

ஆதிரா அதைப் படித்துவிட்டு மலையாளத்தில் மாற்றி முகநூலில் போட்டாள். இரண்டே நாளில் அது ஊரெல்லாம் ஓடியது. ஓடுகிற ஓட்டத்தில் ‘எழுதிக்கொடுப்பவள்’ என்ற பெயர் எங்கோ விழுந்துவிட்டது. பகவதியம்மாளிடம் ஆதாரம் எழுத வந்தவர்களே போனை நீட்டி, ‘சேச்சி, இது ஒன்னு வாயிச்சு நோக்கு’ என்றார்கள். ஒருவர் காட்டியதில் அவள் எழுதாத நான்கு வரிகள் வேறு சேர்ந்திருந்தன. அந்த நான்கு வரிக்குத்தான் அவர் அதிகம் சிரித்தார்.

அடுத்த நாள் வார்டு கவுன்சிலர், எழுதியது யாரென்று சந்தில் விசாரித்துக்கொண்டு வந்தார். தனியாக வரவில்லை, ஒரு பொன்னாடை, இரண்டு தொண்டர்கள், ஒரு கேமராவுடன் வந்தார்.

‘சேச்சி கலக்கி! நம்ம வார்டுல இங்ஙனெ ஒரு எழுத்துக்காரி உண்டுன்னு நான் அறிஞ்ஞில்ல.’

‘சார், அது உங்களைத்தான் எழுதியிருக்கு’ என்றாள் பகவதியம்மாள். ‘தெற்கு எல்லையில இருக்கது உங்க படமாக்கும்.’

‘அறியாம் சேச்சி, நல்லாத் தெரியும். ஜெயிச்சு நாலு வருஷமாச்சு, வார்டுல பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது. இப்ப எல்லாரும் வந்து அந்தப் படத்தைப் பார்த்துட்டுப் போறாங்க. வாங்க, குழிக்குப் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுக்கலாம்.’

அவள் மாட்டேன் என்பதற்குள் பொன்னாடை தோளில் விழுந்துவிட்டது. போட்டோவில் அவர் சிரித்துக்கொண்டும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டும் நிற்கிறார்கள். அதை அவர் தன் முகநூல் பக்கத்தில் போட்டு, குடிநீர் இலாகாவைக் கண்டிப்பதாக எழுதினார். பார்த்தது எதிர்க்கட்சி. சும்மா இருக்குமா? ஆதாரத்தை அப்படியே ஃப்ளெக்ஸில் அடித்து, பாதிக்குத் தங்கள் தலைவரின் முகத்தைப் போட்டு, குழிக்குக் குறுக்கே கட்டினார்கள். கட்டுவதற்கு மூங்கில் நட இரண்டு குழி தோண்டினார்கள்.

‘ஒரு குழி மூணாச்சு’ என்றார் வேலப்பன், தாடையை அசைக்காமல். ‘இன்னும் ரெண்டு கட்டுரை எழுது. கிணறே வெட்டிருவானுவ.’

அவள் பொன்னாடையை மடித்து மிக்ஸிக்கு மூடுதுணியாகப் போட்டாள்.

இதுவரைக்கும் நடந்தது பழகிய எரிச்சல். பிறகு வந்த ரிஜிஸ்தர் தபால் புது மாதிரி.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ். லைசன்ஸ் பெற்ற ஓர் ஆதாரம் எழுத்துக்காரி, முத்திரைத்தாள் இல்லாமல், பொதுச் சாலையின் ஒரு பகுதியைத் தனியாருக்கு மாற்றி ஆதாரம் தயாரித்திருப்பதாகத் தெரியவருகிறது. ஏன் லைசன்ஸை நிறுத்திவைக்கக் கூடாது? தெரியவந்த விதமும் அதிலேயே இருந்தது. சொரிமுத்து என்பவர் மேற்படி ஆதாரத்தின் நகலை வில்லேஜ் ஆபீஸில் கொடுத்து, நாற்பத்திரண்டில் ஒரு பங்கு குழியைத் தன் பெயருக்கு மாற்றி, வரி போட்டுத் தரும்படி விண்ணப்பித்திருக்கிறார்.

பகவதியம்மாள் நோட்டீஸை மூன்று தடவை படித்தாள். இது யாரோ தன்னை நையாண்டி செய்வது என்று முதலில் நினைத்தாள். முத்திரையைத் தடவிப் பார்த்தாள். அசல்.

சொரிமுத்து சந்து வாயில் தள்ளுவண்டியில் பழம் விற்கிறவன். ஐம்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கம், வந்து முப்பது வருஷமாகிறது. பேசவே மாட்டான். ஏத்தன், பாளையங்கோடன், ரசகதலி என்று வாழைச் சீப்புகளை அடுக்கிவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். குழி வந்ததிலிருந்து வண்டியைச் சந்துக்குள் கொண்டுபோக முடியாமல், வெயிலில் தெருவோரத்திலேயே நிறுத்தியிருந்தான்.

‘ஏன் சொரிமுத்து, ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?’

‘என்னக்கா?’

‘குழியை ஒம் பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தியா?’

‘நீங்கதானக்கா எழுதிக் கொடுத்திய. நாப்பத்திரண்டு வீட்டுல எங்க வீடும் உண்டும்லா? வாடகை வீடுன்னா பங்கு கிடையாதா?’

‘அது கேலிக்கு எழுதுனதுடா!’

அவன் ஒரு சீப்பைத் திருப்பி வைத்தான். ‘கேலின்னு அதுல எங்கயும் போடலியே. ஆதாரம்னுதான் போட்டிருந்திச்சு. நல்ல சுத்தமா எழுதியிருந்திய. எல்லையெல்லாம் சரியாத்தான் இருந்திச்சு, நான் போய்ப் பாத்தேன்.’

அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இவனிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று திரும்பினாள். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள் என்று சொன்னதற்கு, ‘பாக்கலாம்க்கா’ என்றான்.

அந்த வாரமே சர்வேயர் சங்கிலியுடன் வந்து குழியை அளந்தார். இரண்டு நாள் கழித்து ஒரு பலகை முளைத்தது: விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது, முடிவாகும் வரை இந்த இடத்தில் யாரும் எந்த வேலையும் செய்யக் கூடாது. திங்கட்கிழமை மண் லாரியுடன் வந்த கான்ட்ராக்டர் ஒருவர், பலகையைப் படித்துவிட்டு, மகிழ்ச்சியோடு திரும்பிப் போனதாகச் செய்தி பரவியது. அந்த லாரி மெய்யாகவே குழிக்குத்தான் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சந்தில் எல்லோரும் அதை நம்பினார்கள்.

குழாயடியில் மாடம்மாள் அவளை நிறுத்தினாள். நாலாம் வீட்டுக்காரி, வாய்க்குப் பூட்டு கிடையாது. ‘ஒன்பது மாசம் சும்மாக் கெடந்தது. வந்து மூடிருப்பான். நீ எழுதினியே ஒரு எழுத்து, இப்ப சட்டப்படிக் குழியாயிட்டு. எழுதாம இருக்கப்பிடாதா ஒனக்கு?’

ஏழு வருஷத்தில் முதல்தடவையாகப் பகவதியம்மாளின் எழுத்து ஒருவரைச் சுட்டிருக்கிறது. அது மாடம்மாளை.

விசாரணைக்கு அழைத்த நாளில் வெளுத்த பருத்திப் புடவை கட்டிக்கொண்டு போனாள். மாவட்டப் பதிவாளர் மீரா என்ற ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும், மேஜை சுத்தமாக இருந்தது, முகமும் அப்படியே. பேச்செல்லாம் மலையாளத்தில்.

‘இது நீங்கள் எழுதியதுதானா?’

‘ஆமாம் மேடம். ஆனால் இது ஆதாரம் இல்லை. ஹாஸ்யம்.’

‘எங்கே?’

‘என்ன எங்கே?’

‘ஹாஸ்யம் எந்த இடத்தில் இருக்கிறது? பைலில் பதிவு செய்ய வேண்டும். அந்த வரிகளைச் சிவப்பு மையால் அடையாளமிடுங்கள்.’

பகவதியம்மாள் பேனாவை வாங்கினாள். தான் எழுதிய வேடிக்கையைத் தானே விளக்குவதைவிடக் கேவலம் எழுதுகிறவளுக்கு வேறு கிடையாது. வேர்த்தது. மூன்று இலாகா என்ற வரியின் கீழே கோடு போட்டாள்.

‘தோண்டியது மூன்று இலாகாக்கள்தானே?’ என்றார் மீரா.

‘ஆமாம்.’

‘தோண்டவில்லை என்று சொல்கிறார்கள்தானே?’

‘ஆமாம்.’

‘அப்படியானால் அது உண்மை. அடுத்தது.’

நீளம், அகலம். சர்வேயரின் அறிக்கையோடு ஒத்துப்போனது. ஆழம் மழையைப் பொறுத்தது. சர்வேயரும் அப்படியே எழுதியிருந்தார். நான்கு எல்லை, நான்கும் சரி, புகைப்படம் இணைக்கப்பட்டிருந்தது. விழுந்தும் எழுந்தும். ‘யாராவது விழுந்தார்களா?’ என்று மீரா கேட்க, வேலப்பனின் நாலு தையலைச் சொல்ல வேண்டியதாயிற்று. ‘எழுந்தாரா?’ எழுந்தார். தண்ணீர் உண்டு. தூண்டுதல் இல்லை.

கடைசி வரி வந்தது. மீரா அதை இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவைத் தானே வாங்கி, ஒரே ஒரு சொல்லின் கீழே கோடு போட்டார்.

‘சுயபுத்தியுடன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. இதை ஹாஸ்யம் என்று பதிவு செய்துகொள்கிறேன்.’

சிரித்தாரா என்று பகவதியம்மாள் உற்றுப் பார்த்தாள். தெரியவில்லை. இன்றுவரைக்கும் அவளுக்குத் தெரியாது.

‘லைசன்ஸுக்கு ஒன்றும் வராது. ஆனால் இனிமேல் எழுதினால் மேலே ஹாஸ்யம் என்று போட்டுவிடுங்கள்.’

‘மேலே போட்டால் அப்புறம் அது ஹாஸ்யமாக இருக்காது மேடம்.’

‘சரி. கீழே போடுங்கள்.’

போகும்போது, விசாரணைக்கு உட்பட்டவர் என்ற முறையில் பைலிலுள்ள காகிதங்களின் நகலைக் கொடுத்தார்கள். வராந்தாவில் நின்றபடி புரட்டினாள். வில்லேஜ் ஆபீஸ் மூன்று இலாகாக்களுக்கும் கடிதம் எழுதி, குழி உங்களுடையதா, அதை நீங்கள் யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தது. மூன்று பேரும் கையெழுத்தும் முத்திரையும் போட்டுப் பதில் எழுதியிருந்தார்கள்.

முதல் இலாகா: குழி எங்களுடையதல்ல. நாங்கள் தோண்டியது முறைப்படி மூடப்பட்டது. தற்போது இருப்பது வேறு குழி.

இரண்டாவது இலாகா: நாங்கள் சாலையைத் தோண்டவில்லை. முதல் இலாகா மூடியதை மட்டுமே தோண்டினோம்.

மூன்றாவது: எங்கள் கேபிள் மேற்படி குழியின் ஓரமாகச் செல்கிறது. குழி எங்கள் கேபிளின் ஓரமாக வந்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல.

வராந்தாவில் போகிறவர்கள் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். பகவதியம்மாள் நகரவில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. பத்து வரி அடித்து, ஒரு சொல்லுக்கு ஒரு நாள் யோசித்து, ஏழு வருஷமாக முட்டிமோதியும் இப்படி ஒரு வரி அவளுக்கு வந்ததில்லை. ‘தற்போது இருப்பது வேறு குழி.’ எந்த யோசனையும் இல்லாமல், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு குமாஸ்தா எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

நேராகப் பழவண்டிக்குப் போனாள். காகிதங்களை ஏத்தம்பழத்தின் மேலே வைத்தாள். சொரிமுத்து கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்தான். மூன்றாவது கடிதத்தில் அவன் வாயோரம் கொஞ்சமாக அசைந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

‘ஒனக்குத் தெரியும். அது கேலின்னு மொதல்லயே ஒனக்குத் தெரியும்.’

‘படிக்கத் தெரியும்லாக்கா’ என்றான் சொரிமுத்து.

‘பின்ன என்னத்துக்கு?’

அவன் ஒரு பெண்ணுக்கு அரைக்கிலோ ரசகதலி நிறுத்துக் கொடுத்து அனுப்பினான்.

‘ஒன்பது மாசமா மூணு ஆபீஸுக்கும் நடந்துட்டேன். குழியை மூடுங்கய்யான்னு மனு கொடுத்தா வாங்கி வச்சுக்கிடுதாவ. நம்பர்கூடப் போட மாட்டுக்காவ. நீங்க எழுதுனிய. ஊரே சிரிச்சிச்சு. நானும் சிரிச்சேன். மறுநாக் காலைல வந்து பாத்தேன், குழி அங்கனயேதான் கெடந்துச்சு. அப்பதான் தோணிச்சு. மூடுங்கன்னு கேட்டா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். குழி எனக்குன்னு கேட்டா, அத எப்படி ஒனக்குத் தருவோம்னு மூணு பேரும் ஓடி வருவான். வந்தாம்லா? அளந்தாம்லா? இப்ப கையெழுத்துப் போட்டு எழுதியும் கொடுத்துட்டான்.’

‘எனக்கு லைசன்ஸ் போயிருக்குமே, பாவி!’

சொரிமுத்துவின் முகம் மாறியது. ‘அது எனக்குத் தோணலக்கா. சத்தியமாத் தோணல. நோட்டீஸ் வந்திருக்குன்னு நீங்க வந்து நின்ன பெறவுதான் பக்குன்னு ஆச்சு. ஆனா பாதியில வுட்டா குழியும் மூடாது, நோட்டீஸும் தீராதுன்னு இருந்துட்டேன். மன்னிச்சுக்கிடுங்க.’

பகவதியம்மாளுக்கு அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவும் செய்தாள். ஏழு வருஷ எரிச்சலில் பாதி அவன் தலையில் விழுந்தது. அவன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அவள் திட்டி முடித்ததும் அவன் முக்காலியை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தாள்.

‘அடுத்தது என்ன செய்யலாம்னு வச்சிருந்தே?’

‘அதுதான் தெரியலக்கா. இதுக்கு மேல எழுதத் தெரிஞ்ச ஆளு வேணும்.’

மறுநாள் காலையில் அவன் வண்டியை மனைவியிடம் விட்டுவிட்டு அவளுடைய அறைக்கு வந்தான். கலெக்டர் தாலுகாவுக்கு வந்து புகார் கேட்கும் அதாலத் அடுத்த வாரம் நடக்க இருந்தது. அதற்கு மனு. அதில் ஒரு வேடிக்கைகூட வரக்கூடாது என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள். ஆறு வரி. குழியின் அளவு, மாதக் கணக்கு, விழுந்தவர் பெயர், மருத்துவச் சீட்டு, மூன்று கடிதங்களின் எண்ணும் தேதியும். கை இரண்டு இடத்தில் நையாண்டிக்கு இழுத்தது, அடித்தாள். கூடவே, குழியில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று சொரிமுத்துவின் வாபஸ் கடிதம். சந்தில் முப்பத்தெட்டு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். மாடம்மாள் முதல் ஆளாகப் போட்டுவிட்டு, ‘இதை மொதல்லயே எழுதியிருந்தா என்னவாம்?’ என்றாள்.

அதாலத்தில் ஐந்து மணி நேரம் காத்திருந்தார்கள். கலெக்டர் மூன்று கடிதங்களையும் அந்தந்த இலாகா அதிகாரிகளின் கையிலேயே கொடுத்து, மைக்கில் வாசிக்கச் சொன்னார். முதலாமவர் நன்றாகவே வாசித்தார். இரண்டாமவர் வாசிக்கும்போது பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. மூன்றாமவருக்குக் குரல் கம்மிவிட்டது. காதுமடல் சிவந்து, கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பகவதியம்மாள் அந்தக் காதுமடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எழுதியது அவள் இல்லை என்பதுதான் ஒரே குறை.

பத்து நாளில் குழி மூடப்பட்டது. சாலை மட்டத்துக்கு ஒரு சாண் உயரமாக மூடினார்கள். ஸ்கூட்டர் இப்போது ஏறி இறங்குகிறது. ஏறி இறங்கலாம், அது பரவாயில்லை என்று வேலப்பன் சொல்லிவிட்டார்.

நடந்ததையெல்லாம் அவள் அடுத்த இதழுக்கு எழுதினாள். மூன்று கடிதங்களையும் ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே சேர்த்தாள். பிச்சுமணி அன்று சாயங்காலமே கூப்பிட்டார்.

‘பகவதியம்மா, நன்னாத்தான் இருக்கு. ஆனா இந்த மூணு லெட்டர் இருக்கே, ரொம்ப ஓவராப் போயிட்டேள். எந்த ஆபீஸ்ல இப்படி எழுதுவான்? நம்பும்படியா இல்லே. கொஞ்சம் குறைச்சுக்கோங்கோ.’

‘சார், அது அசல். நம்பர் இருக்கு, முத்திரை இருக்கு.’

‘இருக்கட்டும். வாசகன் நம்ப மாட்டான்னு சொல்றேன்.’

அரை மணி நேரம் வாதாடிப் பார்த்தாள். கடைசியில் மூன்றாவது கடிதத்தை எடுத்துவிட்டாள். இரண்டாவதில் பாதியை வெட்டினாள். அப்படியே வந்தது. ‘கற்பனை அபாரம்’ என்று நாலு பேர் கடிதம் போட்டார்கள்.

இப்போதும் மாதம் இரண்டு எழுதுகிறாள். கீழே, சிறிய எழுத்தில், ‘ஹாஸ்யம்’ என்று போடுகிறாள். ஆனால் பிச்சுமணிக்கு அனுப்புவதற்கு முன்னால் காகிதத்தை எடுத்துக்கொண்டு பழவண்டிக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாள். சொரிமுத்து சிரிக்க மாட்டான். முழுக்கக் கேட்டுவிட்டு, பழத்தைத் துடைத்தபடியே கேட்பான்:

‘இத எந்த ஆபீஸ்லக்கா கொடுக்கணும்?’

ஏதாவது ஓர் ஆபீஸின் பெயர் அவள் வாயில் வந்துவிட்டால் கட்டுரை தேறியது என்று பொருள். பெரும்பாலும் வருவதில்லை. காகிதத்தை மடித்துக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே, சந்துக்குள் போகிறாள்.